கேள்வி கேட்கும் ஆடிட்டர் வேண்டும்

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடெங்கும் சுமார் 150 இடங்களில் சரிபார்ப்பு நடவடிக்கையில் இறங்கியது. இந்த முறை குறி, பணத்தைப் பதுக்கிய பெரும்புள்ளிகள் மேல் இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கும் சிறு தொழில் செய்பவர்களுக்கும் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுத்துக் கமிஷன் பார்த்துவந்த இடைத்தரகர்கள் மேல் இருந்தது. கொடுக்காத நன்கொடையைக் கொடுத்ததாகவும், கட்டாத மருத்துவக் காப்பீட்டைக் கட்டியதாகவும், வாங்காத கல்விக் கடனுக்கு வட்டி செலுத்தியதாகவும் எழுதி ரீஃபண்ட் வாங்கித் தருவது அவர்கள் தொழில். அதற்கு முன்பே மகாராஷ்டிரம், தமிழ்நாடு, டெல்லி, குஜராத், பஞ்சாப், மத்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில் நடந்த சோதனைகளில் இதற்கான சான்றுகள் கிடைத்திருந்ததாக மத்திய நேரடி வரிகள் வாரியம் தன் அறிக்கையில் சொன்னது. பயன் பெற்றவர்களில் பன்னாட்டு நிறுவன ஊழியர்களும் அரசு, பொதுத்துறை ஊழியர்களும் கல்வி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களும் தொழில்முனைவோரும் இருந்தார்கள். முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாமாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. ஏமாளிகளின் கணக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

டெல்லியும் தமிழ்நாடும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது டெல்லித் தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. கரோல் பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார், ஜனக்புரி என்று பரவிக் கிடக்கும் நம்மவர்களில் மத்திய அரசு ஊழியரும் ஓய்வூதியரும் உண்டு. மெஸ் நடத்துபவரும் இட்லி மாவு விற்பவரும் டியூஷனோ பரதநாட்டிய வகுப்போ எடுப்பவரும் உண்டு. கோடை வந்தால் எல்லாருக்கும் பொதுவான கேள்வி, "நல்ல ஆடிட்டர் யாராவது தெரியுமா?" என்பது. பதிலும் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வருகிறது: "என் ஆளிடம் போங்கள், போன வருஷம் எனக்கு இவ்வளவு ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தார்." இந்த அளவுகோலைத்தான் தூக்கிப் போட வேண்டும் என்கிறேன். ஆடிட்டரைத் தேடும்போது பார்க்க வேண்டியது, அவர் நம்மைக் கேள்வி கேட்கிறாரா, செய்த வேலைக்குத் தன் பெயரைக் கொடுக்கிறாரா என்பதை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ரீஃபண்ட் வந்துவிட்டது என்பதால் கணக்கைத் துறை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று ஆகாது. தாக்கல் செய்த படிவம் பெங்களூரில் உள்ள மத்தியச் செயலாக்க மையத்துக்குப் போகிறது. அங்கே கணினி கூட்டல் கழித்தலைப் பார்க்கும். பிடித்தம் செய்த வரி அரசுக்கு வந்திருக்கிறதா என்று ஒப்பிடும். மிச்சத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிடும். படிவத்தோடு ரசீது எதையும் இணைப்பதில்லை என்பதால், நன்கொடை உண்மையா பொய்யா என்பதை யாரும் அப்போது பார்ப்பதில்லை. அது பிறகு வருகிறது. 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்ப மதிப்பீட்டு ஆண்டு முடிந்த பின்னும் மூன்றே கால் ஆண்டு வரை துறைக்கு அவகாசம் இருக்கிறது. மறைந்த வருமானம் 50 லட்சத்தை எட்டினால் ஐந்தே கால் ஆண்டு. எனவே, "எனக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை" என்று பக்கத்து வீட்டுக்காரர் தரும் நற்சான்று, பிரச்சினை வரக்கூடிய காலம் முடிவதற்கு முன்பே கொடுக்கப்பட்டுவிடுகிறது. பணக்கணக்கும் இதையே சொல்கிறது. பழைய வரி முறையில் 20 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவர் ஒரு லட்ச ரூபாய்க்குப் பொய்க் கழிவு காட்டினால், செஸ் சேர்த்து 20,800 ரூபாய் மிஞ்சும். அதில் ஒரு பங்கு இடைத்தரகருக்குப் போய்விடும். பிடிபட்டால் அந்த வரியும் வட்டியும் கட்ட வேண்டும். வருமானத்தைப் பொய்யாகக் காட்டியதற்கு வரியைப் போல இரு மடங்கு, அதாவது 41,600 ரூபாய் அபராதம் வேறு. அபராதத்தில் இடைத்தரகர் பங்கு கேட்க மாட்டார்.

அதே அறிக்கையில் இன்னொரு விவரமும் இருந்தது. செய்திகளில் அது அதிகம் அடிபடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மொத்தமாகக் கணக்குத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, வேலை முடிந்ததும் அவற்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதனால் துறை அனுப்பும் நோட்டீஸ்கள் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன என்றது வாரியம். கடைக்காரர்களுக்கு இது புதிதல்ல. "எல்லாத்தையும் ஆடிட்டர் பார்த்துப்பார்" என்று கடவுச்சொல், கைபேசி எண், மின்னஞ்சல் மூன்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிடுவது நம் ஊர் வழக்கம். ஜிஎஸ்டி சட்டத்திலோ, நோட்டீஸை இணையதளத்தில் போட்டாலே அது உரியவருக்குக் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று 169ஆம் பிரிவு சொல்கிறது. இதனால் நேர்ந்ததை நீதிமன்றங்கள் பார்த்துவிட்டன. ஜிஎஸ்டி தளத்தில் 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்று ஒரு மூலையில் போடப்பட்டவை கடைக்காரர் கண்ணிலும் படவில்லை, கணக்காளர் கண்ணிலும் படவில்லை. 2024 ஜனவரி 16க்குப் பிறகு அந்தப் பகுதி எளிதில் தெரியும்படி மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய பல வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. சென்னை உயர் நீதிமன்றத்திலோ, "ஆலோசகரை நம்பியிருந்தேன், நோட்டீஸ் வந்ததே தெரியாது" என்று வந்த வியாபாரிகளுக்குத் தகராறில் உள்ள வரியில் 10 விழுக்காட்டைக் கட்டச் சொல்லி, மீண்டும் பதில் தர வாய்ப்பளித்த உத்தரவுகள் 2024இல் வரிசையாக வந்தன. அதற்கும் முன்னால், தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாததால் ஜிஎஸ்டி பதிவு ரத்தானவர்கள் பாக்கியைக் கட்டிப் பதிவை மீட்டுக்கொள்ள 2022 ஜனவரி 31 அன்று சுகுணா கட்பீஸ் சென்டர் வழக்கில் அதே நீதிமன்றம் வழி விட்டது. நீதிமன்றங்கள் இரக்கம் காட்டின என்பது உண்மை. ஆனால் வக்கீல் ஃபீஸ், முன்பணம், முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு என்று வியாபாரி கொடுத்த விலை, நல்ல கணக்காளருக்குப் பல ஆண்டுகள் கொடுத்திருக்கக்கூடிய சம்பளம்.

இத்தனைக்கும் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஜிஎஸ்டி தளத்தில் பதிவுபெற்ற ஜிஎஸ்டி பிராக்டிஷனர் ஒருவரை அமர்த்தவும், வேண்டாமென்றால் விலக்கவும் வசதி இருக்கிறது. வருமான வரித் தளத்தில் பட்டயக் கணக்காளரை நம் கணக்கோடு சேர்க்கவும் நீக்கவும் முடியும். அவர் அவருடைய பெயரில் நுழைந்து வேலை செய்வார்; நம் கைபேசிக்கு வரும் செய்தி நம்மிடமே வரும். "அதெல்லாம் தொல்லை, பாஸ்வேர்டைக் கொடுங்கள்" என்று முதல் சந்திப்பிலேயே கேட்பவர், தன் பெயர் எங்கும் பதியாமல் வேலை செய்ய விரும்புகிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு மெஸ் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். 40 லட்ச ரூபாய் விற்பனை வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது டெல்லிக் கடைத்தெருவில் எல்லாரும் சொல்லும் வாக்கியம். சரக்கு மட்டும் விற்பவருக்கு அது சரி. இட்லி மாவு அரைத்துப் பாக்கெட்டில் விற்பவர் சரக்கு விற்பவர். அதே மாவில் இட்லி ஊற்றித் தட்டில் பரிமாறினால் அது சேவை. சேவைக்கு வரம்பு 20 லட்சம். காலையில் மாவு, மதியம் சாப்பாடு என்று இரண்டையும் செய்பவருக்கு 40 லட்சச் சலுகை கிடையாது. மொத்த விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினாலே பதிவு செய்ய வேண்டும். சாப்பாட்டை ஸ்விக்கி, ஜொமேட்டோ வழியாக விற்றால், 2022 ஜனவரி முதல் அந்த விற்பனைக்கான வரியை அந்த நிறுவனங்களே கட்டுகின்றன. வரி அவர்கள் கட்டினாலும் விற்பனை நம்முடையது. பதிவுபெற்றவர் அதைப் படிவத்தில் காட்டியாக வேண்டும். இவ்வளவும் "என்ன விற்கிறீர்கள், எப்படி விற்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது. அதைக் கேட்காமல் ஆதார், பான் நகலை வாங்கிக்கொண்டு "நாளைக்கு முடிச்சிடலாம்" என்று சொல்பவர் எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும் மெஸ்காரருக்கு உதவமாட்டார்.

சொந்த வரிக்கு ஒருவர், கடை வரிக்கு இன்னொருவர் என்று வைத்துக்கொள்வதிலும் இதே ஆபத்து இருக்கிறது. சிறு கடைகளில் பெரும்பாலானவை தனி உரிமையாளர் நடத்துபவை. சட்டத்தின் கண்ணில் கடையும் கடைக்காரரும் ஒருவரே. ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, டெல்லிக்கு 07, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடங்கள் அவருடைய பான் எண்ணேதான். ஜிஎஸ்டியில் காட்டிய விற்பனை, வங்கி வட்டி, பங்கு விற்பனை எல்லாம் வருமான வரித் தளத்தில் 'ஏஐஎஸ்' என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையில் 2021 நவம்பரிலிருந்து வரிசையாக வந்து நிற்கின்றன. ஜிஎஸ்டிக்காரர் 62 லட்சம் என்றும் வருமான வரிக்காரர் 48 லட்சம் என்றும் எழுதினால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்பது கணினிக்கு உடனே தெரிந்துவிடும். பழைய டெல்லி மொத்த வியாபாரிகளின் கணக்குப்பிள்ளையான முனீம்ஜி, கணக்கில் வரும் பக்கா பில், வராத கச்சா பில் இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வைத்திருந்த காலத்தில் அது தெரிய ஆண்டுகள் பிடித்திருக்கும்.

சரி, யாரைத் தேடுவது? எல்லா வேலைக்கும் பட்டயக் கணக்காளர் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட அவர்தான் வேண்டும். அந்தத் தணிக்கை பொதுவாக ஒரு கோடி ரூபாய் விற்பனைக்கு மேல். ரொக்கப் பரிவர்த்தனை 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் பத்துக் கோடிக்கு மேல். உத்தேச வருமான முறையில், வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 விழுக்காட்டையும் ரொக்க விற்பனையில் 8 விழுக்காட்டையும் லாபமாகக் காட்டிவிடும் சிறு வியாபாரிக்குத் தணிக்கை கிடையாது. அவருக்குத் தேர்வு எழுதித் தேறிய ஜிஎஸ்டி பிராக்டிஷனரோ வரி வழக்கறிஞரோ போதும், கட்டணமும் குறையலாம். யாராக இருந்தாலும் பெயரைச் சரிபார்க்க முடிய வேண்டும். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தலைமையகம் இந்திரபிரஸ்தா மார்க்கில்தான் இருக்கிறது. அங்கே போக வேண்டியதுகூட இல்லை, உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் இணையதளமே சொல்லிவிடும். ஜிஎஸ்டி பிராக்டிஷனர்களை ஜிஎஸ்டி தளத்தில் தேடலாம். பட்டயக் கணக்காளர் வங்கிக் கடனுக்கோ விசாவுக்கோ தரும் சான்றிதழ்களில் 2019 பிப்ரவரி முதல் 'யுடின்' என்ற 18 இலக்க அடையாள எண் இருந்தாக வேண்டும். கணக்காளர் அல்லாதவர்கள் கணக்காளர் பெயரில் போலிக் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுத்த கொடுமையால் வந்த ஏற்பாடு அது. அந்த எண் உண்மைதானா என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

கட்டணம் கேட்கும் விதமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம், லாபத்தில் இத்தனை விழுக்காடு என்றோ கிடைக்கும் பலனைப் பொறுத்தோ கட்டணம் வாங்குவதைச் சில விதிவிலக்குகள் தவிர தொழில்முறைத் தவறாக வைத்திருக்கிறது. வாடிக்கையாளரைத் தேடிப் போய் வேலை கேட்பதற்கும் தடை உண்டு. எனவே "ரீஃபண்டில் பத்து விழுக்காடு கொடுங்கள்" என்று கேட்பவர் ஒன்று பட்டயக் கணக்காளராக இருக்க மாட்டார், அல்லது தன் தொழில் விதியை மீறுபவராக இருப்பார். வாட்ஸ்அப் குழுவில் "உத்தரவாத ரீஃபண்ட்" என்று அறிவிப்பவருக்கும் இது பொருந்தும். ரீஃபண்ட் என்பது கூடுதலாகக் கட்டிய நம் சொந்தப் பணம். அதை எப்படிக் கூட்டுவார் என்று ஒரு கணம் யோசித்தால் பதில் தெரிந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. இப்போது இயல்பாகவே பொருந்தும் புதிய வரி முறையில் நன்கொடை, காப்பீடு, கல்விக் கடன் கழிவுகள் எதுவும் இல்லை. ஆக, இந்தத் தரகரின் பிழைப்பே உங்களைப் பழைய முறைக்குத் தள்ளுவதில்தான் இருக்கிறது. சம்பளக்காரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால், தொழில் இருக்கும் வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. அந்த ஒருமுறை வாய்ப்பை ஒரு ஆண்டின் கமிஷனுக்காகச் செலவழிப்பவரும் இருக்கிறார்.

இதற்கெல்லாம் எதிர்க்கேள்விகள் உண்டு. முதலாவது செலவு. மாதம் ஐம்பதாயிரத்துக்கு வியாபாரம் செய்பவர் ஆடிட்டருக்குக் கொடுக்க எங்கே போவார்? நியாயமான கேள்வி, அதை லேசாகத் தட்டிவிடக் கூடாது. அந்த அளவு விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை என்பதுதான் நல்ல கணக்காளர் சொல்லும் முதல் யோசனையாக இருக்கும். கட்டணம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாத பதிவை எடுத்துக் கொடுப்பவர் பிறகு மாதாமாதம் படிவத்துக்கும் வாங்குவார். பதிவு எடுத்தவருக்கோ கணக்கு வேறு மாதிரி. தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் கட்டணம். ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ளவருக்கு ஒரு படிவத்துக்கு 2,000 ரூபாய் உச்சவரம்பு. பன்னிரண்டு மாதம் தவறினால் வரி கட்டுவதற்கான ஜிஎஸ்டி 3பி படிவத்துக்கு மட்டும் 24,000 ரூபாய், வரி பாக்கி இருந்தால் 18 விழுக்காடு வட்டி தனி. ஐந்து கோடிக்குக் குறைவான விற்பனை உள்ளவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலிருந்து மாறலாம். பன்னிரண்டு 3பி படிவம் நான்காகும், கணக்காளர் கட்டணமும் அதற்கேற்பக் குறைய வேண்டும். இதை அவராகச் சொல்கிறாரா என்று பாருங்கள். தன் வருமானம் குறையும் யோசனையைச் சொல்லும் கணக்காளர் கிடைத்தால் விடக்கூடாது.

12 லட்சம் வரை வரியே இல்லை என்றாகிவிட்டது, தளத்தில் நாமே இலவசமாகத் தாக்கல் செய்யலாம், கணக்காளர் எதற்கு என்பது அடுத்த கேள்வி. சம்பளமும் வங்கி வட்டியும் மட்டும் உள்ளவருக்குத் தேவையில்லைதான், மறுக்கவில்லை. படிவத்தில் பாதி ஏற்கெனவே நிரப்பப்பட்டே வருகிறது. ஆனால் 12 லட்சம் என்பது தள்ளுபடி, விலக்கு அல்ல. 4 லட்சத்தைத் தாண்டினாலே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்; பங்குகளைக் குறுகிய காலத்தில் விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி செல்லாது. ஓய்வூதியம் எட்டு லட்சம், பங்கு லாபம் மூன்று லட்சம் என்றிருக்கும் ஓய்வூதியர் தனக்கு வரியே இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பார். போதாததற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு, 2026 ஏப்ரல் 1 முதல், 536 பிரிவுகள் கொண்ட புதிய வருமான வரிச் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டின் வருமானத்துக்குப் பழைய சட்டம், அதற்குப் பிந்தியதற்குப் புதியது என்று சில காலம் இரண்டும் ஒன்றாக ஓடும்.

ஊரில் குடும்ப ஆடிட்டர் இருக்கிறார், அப்பா காலத்திலிருந்து பார்க்கிறார், டெல்லியில் எதற்கு இன்னொருவர் என்று கேட்பவர்களும் உண்டு. கும்பகோணத்து வீட்டு வாடகை, நிலத்து வருமானம், அரசு ஓய்வூதியம் என்ற அளவில் அவரே போதும். 2020 ஆகஸ்டில் முகமறியா மதிப்பீட்டுக்கான தளம் தொடங்கிய பிறகு எந்த ஊர் அதிகாரி நம் கோப்பைப் பார்க்கிறார் என்பதே தெரியாது. வருமான வரி அலுவலகம் உள்ள ஐ.டி.ஓ. சந்திப்பில் யாரைத் தெரியும் என்பதை வைத்து டெல்லியில் ஆடிட்டருக்கு மதிப்புப் போட்ட காலம் அதோடு மங்கத் தொடங்கியது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி அப்படி இல்லை. பதிவின்போது கடை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வரலாம். 2023 மே முதல் ஜூலை வரை நடந்த நாடு தழுவிய சிறப்புச் சோதனையில் 21,791 பதிவுகளுக்குப் பின்னால் நிறுவனமே இல்லை என்று கண்டுபிடித்த பிறகு இந்தப் பார்வை இறுகியிருக்கிறது. கடையைக் கண்ணால் பார்த்த, வாடகை ஒப்பந்தத்தைப் படித்த, அழைத்தால் வந்து நிற்கக்கூடிய ஒருவர் டெல்லியில் இருக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதியும் மாறுகிறது: தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் தொழில் வரி வாங்குகின்றன, டெல்லியில் அது இல்லை, சென்னையில் கிளை திறந்தால் 33இல் தொடங்கும் தனிப் பதிவு வேண்டும். இருவர் தேவைப்பட்டால் இருவரும் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசட்டும், வாடிக்கையாளர் நடுவில் தூது போக வேண்டியதில்லை.

பட்டயக் கணக்காளர்களே போலி பில் வழக்குகளில் கைதாகிறார்களே, பட்டத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் எதிர்க்கேள்விகளில் கனமானது. உண்மை, கைதாகிறார்கள். பட்டம் நேர்மைக்குச் சான்று என்று நான் சொல்லவில்லை. பட்டம் தருவது ஒரு முகவரி. அவர் தவறினால் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஒழுங்குக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது. விசாரணை மெதுவாக நடக்கும் என்ற குறையும் பொய்யில்லை. ஆனாலும் சைபர் கஃபேயில் கணக்குத் தாக்கல் செய்து கொடுத்து அடுத்த சீசனில் காணாமல் போனவர் மேல் புகார் கொடுக்க அப்படி ஓர் இடம்கூட இல்லை. படிவத்தின் அடியில் "இதில் உள்ளவை உண்மை" என்று உறுதி கூறுவது நாம். ஓடிபி போவது நம் கைபேசிக்கு, அல்லது அவர் உருவாக்கிய எண்ணுக்கு. சட்டத்தின் முன் அவர் அங்கே இருக்கவே இல்லை.

இந்த ஓட்டையைத் தனிமனிதர்களின் எச்சரிக்கையால் மட்டும் அடைத்துவிட முடியாது. தணிக்கை அறிக்கைக்கும் சான்றிதழுக்கும் யுடின் இருக்கிறது. கோடிக்கணக்கானோர் தாக்கல் செய்யும் சாதாரண வருமான வரிப் படிவத்தில், கூலி வாங்கிக்கொண்டு அதைத் தயாரித்தவர் பெயரைப் பொதுவாக எழுத வேண்டிய கட்டாயமில்லை. 2006இல் அரசே பட்டதாரிகளுக்குப் பயிற்சி தந்து 'வரிக் கணக்குத் தயாரிப்பாளர்' திட்டம் கொண்டுவந்தது. படிவத்தில் அவர்களுக்கென்று ஒரு கட்டமும் வந்தது, மற்ற தயாரிப்பாளர்கள் அதற்கு வெளியே நின்றுவிட்டார்கள். அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக் கணக்குத் தயாரிப்பவர் எவரும் 2011 முதல் வரித் துறையிடம் ஓர் அடையாள எண் பெற்று, அதைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் இட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாதவர் அந்த வேலைக்குக் கட்டணமே வாங்க முடியாது. பதிவேட்டை யாரும் பார்க்கலாம். இங்கே அவ்வளவு தூரம் போனால் உத்தம் நகரிலோ திருச்சியிலோ ஒரு கணினியை வைத்துப் பிழைக்கும் பட்டதாரியின் வயிற்றில் அடித்ததாகும் என்ற அச்சம் எழும். உரிமம் கேட்டால்தான் அந்த அச்சம் சரி. தேர்வு வேண்டாம், கட்டணம் வேண்டாம். பான் எண்ணை வைத்து இலவசமாக ஓர் எண், அது படிவத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். நேர்மையாக வேலை செய்யும் கணினிக் கடைக்காரருக்கு அது விளம்பரமாகவே அமையும். ஒரே எண்ணிலிருந்து ஆயிரம் படிவங்களில் ஒரே அறக்கட்டளைக்கு ஒரே தொகை நன்கொடை போயிருந்தால், துறை ஆயிரக்கணக்கானோருக்கு எச்சரிக்கை அனுப்பும் முன் அந்த ஒருவரைப் போய்ப் பார்க்கலாம். புதிய சட்டத்தின் கீழ் 2026-27 வரி ஆண்டுக்கான படிவங்களில் இந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். படிவத்தை வகுப்பது வாரியத்தின் கையில்தான் இருக்கிறது.